பொழுதடைந்ததும் கொதிக்கிற வானம்

திருநெல்வேலிச் சீமையில் அம்மன் கோயில் கொடைத் திருவிழாவுக்குக் கட்டிய மைக் செட்டை நிறுத்தச் சொல்லிவிட்டு முழுசாக வீடு திரும்பியவர்கள் அதிகம் பேர் இருக்க மாட்டார்கள். நான் திரும்பியிருக்கிறேன். அதுவும் சும்மா இல்லை, அவர்களே நிறுத்திக் கொடுத்தார்கள். ஆகாயத்தில் இருந்த கோளாறுக்கு வேப்பமரத்தில் தொங்கிய ஒலிபெருக்கிக் குழாயைக் குற்றம் சொன்ன கதை அது.

தொண்ணூறுகளின் கடைசியில் நான் டவுணில் ஒரு சர்வே கம்பெனியில் இன்ஜினியராக இருந்தேன். கம்பெனி என்பது பெரிய வார்த்தை. முதலாளி அண்ணாச்சி ஒருவர், நான் ஒருவன், மாடியில் ஓர் அறை, ஒரு கம்ப்யூட்டர். அண்ணாச்சிக்கு மூளை எப்போதும் ஊருக்குப் பத்து வருஷம் முன்னால் ஓடும். பஞ்சாங்கம் பார்க்காமல் பேனாவைத் திறக்க மாட்டார் என்பதும் உண்மைதான். அவர்தான் எங்கேயோ அலைந்து இரண்டு ஜி.பி.எஸ். மிஷின்களை வாங்கி வந்தார். சாட்டிலைட்டுகள் அனுப்பும் சிக்னலைப் பிடித்து நாம் நிற்கும் இடத்தையும் உயரத்தையும் சொல்லும் மிஷின். எங்கள் வட்டாரத்தில் அப்போது வேறு யாரிடமும் அது இல்லை. ஆட்கள் வந்து அதைப் பார்த்துவிட்டு, இதில் படம் தெரியுமா என்று கேட்டுப் போவார்கள்.

அந்த மிஷின்களை நம்பி எங்களுக்குக் கிடைத்த முதல் பெரிய வேலை ஒரு குளத்தைப் பற்றியது. டவுணுக்குத் தெற்கே, வள்ளியூர் போகிற சாலையில் இருந்து கிழக்கே ஒதுங்கிய ஒரு சிற்றூர். தாமிரபரணித் தண்ணீரைக் கொண்டுபோகும் கால்வாய் அந்த ஊருக்குச் சில மைல் தள்ளி ஒரு சின்னப் பாலத்தோடு நின்றுபோகும். அதை நீட்ட அரசாங்கம் முடிவு செய்திருந்தது. ஆனால் பழைய அளவுப்படி இந்த ஊர்க் குளத்துக்குத் தண்ணீர் நுழைகிற வாய் கால்வாய்த் தரையைவிட முழங்கால் உயரம் மேடு. மேட்டுக்குத் தண்ணீர் ஏறாது, ஆகவே இந்த ஊரை விட்டுவிட்டு வேறு பக்கமாகக் கால்வாயைத் திருப்பிவிடலாம் என்று எழுதிவிட்டார்கள்.

அதை ஒப்புக்கொள்ள மறுத்தவர் அந்த ஊர்ப் பஞ்சாயத்துத் தலைவி. பெண்களுக்கு ஒதுக்கிய இடத்தில் ஜெயித்து வந்தவர். வயல் வேலைக்குப் போகிற வீட்டுப் பெண்மணி. நாற்காலியில் உட்கார வைத்துவிட்டுப் பின்னாலிருந்து நாம் பேசிக்கொள்ளலாம் என்று நினைத்த ஆண்பிள்ளைகளை முதல் மாதத்திலேயே ஏமாற்றியவர். பழைய அளவு தப்பு என்று ஆபீஸ் ஆபீஸாகப் போய் நின்று, மறுபடி அளக்க உத்தரவு வாங்கிவிட்டார். சித்திரை முடிவதற்குள் பாதையை இறுதி செய்யப் போகிறார்கள். முள்ளும் பாறையுமான அந்தக் காட்டில் லெவல் கருவியைத் தூக்கிக்கொண்டு அடி அடியாக நடந்து அளக்க அதற்குள் முடியாது. எங்கள் மிஷின் முடிக்கும் என்று அண்ணாச்சி வாக்குக் கொடுத்திருந்தார். எங்கள் அளவில் குளம் தாழ்வாக வந்தால் ஊருக்குத் தண்ணீர். வராவிட்டால் அந்தக் குளம் இனி எப்போதும் மழையைப் பார்த்துக்கொண்டு கிடக்க வேண்டியதுதான்.

முறை இதுதான். அண்ணாச்சி ஒரு மிஷினோடு பாலத்தில் உட்காருவார். பாலத்தில் அளவுக்காகப் பதித்த கல்லின் உயரம் ஏற்கெனவே தெரியும். நான் இன்னொன்றோடு குளத்து வாயில் நிற்பேன். சாட்டிலைட் சிக்னல் நேராக வந்து சேருவதில்லை. மேலே வெகு உயரத்தில், வெயில் பட்டுக் காற்று மின்னேறிக் கிடக்கிற ஓர் அடுக்கு உண்டு. அதில் நுழையும்போது சிக்னல் தடுமாறும். கீழே வந்தால் காற்றில் இருக்கிற ஈரம் இன்னும் கொஞ்சம் தாமதப்படுத்தும். தாமதம் என்றால் கண் சிமிட்டுவதில் கோடியில் ஒரு பங்குதான். அதற்கே கணக்கு பல அடி தப்பிப்போகும். ஆனால் பக்கத்துப் பக்கத்தில் இருக்கிற இரண்டு மிஷினும் ஒரே வானத்தைத்தான் பார்க்கின்றன. அதற்கு வந்த தப்புதான் இதற்கும் வரும். ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்தால் தப்பு போய்விடும், உயர வித்தியாசம் மட்டும் நிற்கும். கேட்பதற்கு எவ்வளவு நன்றாக இருக்கிறது.

மிஷினோடு வந்த கையேட்டில், உச்சி வெயில் நேரம் வேண்டாம், பொழுது சாய்ந்த பிறகு மேல் அடுக்கு அடங்கிவிடும், அப்போது அளப்பது உத்தமம் என்று போட்டிருந்தது. அண்ணாச்சிக்கு வாய் நிறையச் சிரிப்பு. பங்குனி வெயிலில் அந்தப் பொட்டலில் நிற்பதை நினைத்தாலே எங்கள் இரண்டு பேருக்கும் தலை சுற்றியது. "நமக்குன்னே எழுதியிருக்கான்வே" என்றார். சாயங்கால ராகு காலம் ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் வரும் என்பதையும் பார்த்து வைத்துக்கொண்டார்.

நாங்கள் போய் இறங்கிய அன்றுதான் அந்த ஊரில் கொடைக்குப் பந்தக்கால் நாட்டினார்கள். கொடை முடிகிறவரை தினமும் பாட்டு. வேப்பமரத்தில் ஒரு குழாய், கோயில் முகப்பில் ஒன்று, குளத்துப் பக்கமாகத் திருப்பி வைத்தது ஒன்று. சீரியல் பல்புகள் வேறு. எனக்கு எப்போதுமே சத்தம் ஆகாது. அதிலும் நான் மிஷின் திரையையே பார்த்துக்கொண்டு நிற்கும்போது காதுக்குள் ஒருவன் நாதஸ்வரம் ஊதினால் எப்படி இருக்கும்.

முதல் நாள் சாயங்காலம் எல்லாம் ஒழுங்காகத் தொடங்கியது. விளக்கு வைத்து ஒரு மணி நேரம் ஆகியிருக்கும். திரையில் சாட்டிலைட்டுகள் ஒவ்வொன்றாக அறுந்து விழுந்தன. பிடிக்கும், விடும், மறுபடி பிடிக்கும். மறுநாளும் அப்படியே. டவுணுக்கு வந்து கம்ப்யூட்டரில் போட்டால் ஒரு நாள் கணக்கில் குளம் ஆள் உயரத்துக்குத் தாழ்வு, அடுத்த நாள் கணக்கில் ஆள் உயரத்துக்கு மேடு. முந்தாநாள் தண்ணீர் பாய்ந்த ஊருக்கு நேற்று தண்ணீர் ஏறவில்லை. இதை எந்த அதிகாரியிடம் போய்க் காட்டுவது.

மின்சாரக் குழப்பம் என்று நான்தான் சொன்னேன். அத்தனை ஒயர், அத்தனை பல்பு, அந்த ஆம்ப்ளிஃபையர். சிக்னலோ மிக மெல்லியது. அண்ணாச்சியும் தலையாட்டினார். எங்களுக்கு வேறு காரணம் தோன்றவே இல்லை, தோன்றியது கண் முன்னால் கத்திக்கொண்டிருந்தது.

தலைவியிடம் போய்ச் சொன்னேன். அவர் ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டே நின்றார்.

"கொடைக்கு செட்டை நிப்பாட்டச் சொல்லுதிய. அதுவும் நான் போயிச் சொல்லணும். ஏற்கனவே பொம்பளை ஆளுதான்னு அவனவன் வயிறு எரியுதான்."

"ரெண்டு சாயங்காலம் போதும்."

"நிப்பாட்டுனா சரியா வந்துருமா சார்?"

"வந்துரும்" என்றேன். எவ்வளவு சுலபமாக வந்தது அந்த வார்த்தை.

அவர் எப்படிப் பேசினாரோ எனக்குத் தெரியாது. அன்று பொழுதடைந்ததும் பாட்டு நின்றது, பல்புகள் அணைந்தன. ஊர் வாலிபர்கள் குளத்தங்கரையில் வரிசையாக உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்த அமைதியில் என் மிஷின் பீப் பீப் என்று சாட்டிலைட்டுகளை விட்டுக்கொண்டிருந்தது. மறுநாள் சாயங்காலம் இன்னும் மோசம். வாலிபர்களில் ஒருவன் எழுந்து, "ஏலே, செட்டைப் போடுங்கலே. இது தகரம்" என்றான். பாட்டு தொடங்கியது. தலைவி தூரத்தில் கோயில் ஓரமாக நின்றிருந்தார். என் பக்கம் வரவே இல்லை. பஸ்ஸில் திரும்பும்போது எனக்கு அவமானமாக இருந்தது, கோபமாகவும் இருந்தது. யார் மேல் கோபப்படுவது என்றுதான் தெரியவில்லை. எதற்கும் இருக்கட்டும் என்று அண்ணாச்சியின் மேல் கோபப்பட்டுக்கொண்டேன்.

அடுத்த நாள் ஞாயிற்றுக்கிழமை. அண்ணாச்சி பஞ்சாங்கப்படி விடுமுறை. என் மனைவி பாளையங்கோட்டையில் ஒரு பள்ளிக்கூடத்தில் பிளஸ் டூவுக்கு இயற்பியல் எடுத்துக்கொண்டிருந்தாள். சாயங்காலமானால் சமையல் மேடையில் ரேடியோவை வைத்துக் கடல் தாண்டி வரும் சிற்றலைத் தமிழ் நிகழ்ச்சிகளைக் கேட்பாள். அது இல்லாமல் அவளுக்குத் தோசை வராது. நான் சாப்பிட உட்கார்ந்தபோது பாட்டு தண்ணீருக்கடியில் இருந்து வருவதுபோல நடுங்கிக்கொண்டிருந்தது. அவள் குமிழைத் திருகித் திருகிப் பார்த்தாள்.

"பேட்டரி தீந்திருக்கும்" என்றேன்.

"புது பேட்டரி அத்தான். பங்குனி, சித்திரையில பொழுதடைஞ்சா இப்படித்தான் நடுங்கும். பெறவு ஐப்பசி பக்கம் ஒருக்க நடுங்கும். வருசா வருசம் நான் சொல்லுதேன், நீங்க காதுல வாங்குனாத்தான."

நான் தட்டில் கை வைத்தபடியே இருந்தேன். எப்போது தொடங்கும் என்று கேட்டேன். விளக்கு வைத்து ஒரு மணி நேரம் கழித்து என்றாள்.

சாப்பாட்டைப் பாதியில் விட்டு எழுந்தால் அவளுக்குப் பிடிக்காது. அன்று எழுந்தேன். பைக்குள் இருந்த பதிவுகளை எடுத்துத் தரையில் பரப்பினேன். ஒவ்வொரு நாளும் சிக்னல் அறுந்த நேரம் அதுவேதான். ஒரு நாள் நான் அண்ணாச்சிக்குத் தெரியாமல் நாலு மணிக்கே மிஷினை ஓடவிட்டிருந்தேன். அன்று மதியத்திலிருந்தே குழாய் அலறிக்கொண்டிருந்தது. ஆனால் சூரியன் இருந்தவரை ஒரு சாட்டிலைட்கூட அறுந்திருக்கவில்லை. மைக் செட் ஒரு பாவமும் செய்யவில்லை. எத்தனையோ வருஷமாக அதைத் திட்டி வந்தவன் நான், அன்றைக்குத்தான் அதற்கு நல்ல பெயர் கொடுத்தேன்.

"ஆனா கையேட்டுல பொழுது சாஞ்சா அடங்கும்னு போட்டிருக்கே" என்றேன்.

"எந்த ஊர்க்காரன் எழுதுனது?"

ஏதோ குளிர் தேசம் என்றேன். அவள் அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

"எங்க லேப்ல சரிவு ஊசின்னு ஒண்ணு இருக்கு. காந்த ஊசி பூமிப் பக்கமா எவ்வளவு சாயுதுன்னு பாக்கதுக்கு. மத்த ஊருல நல்லா சாஞ்சு நிக்கும். இங்க படுத்தே கெடக்கும். பிள்ளைக ரிப்பேர்னு நெனச்சு தட்டித் தட்டிப் பாக்கும். ரிப்பேரும் இல்ல ஒண்ணும் இல்ல. பூமியோட காந்த நடுக்கோடு நம்ம தலைக்கு மேல போகுது, அதான். அந்தக் கோட்டுக்கு மேல வானம் வேற மாதிரி. மத்த எடத்துல பொழுதடைஞ்சா அடங்கும், இங்கன பொழுதடைஞ்சாத்தான் கெளம்பும்."

எம்.எஸ்ஸி.யில் படித்த தடிப் புத்தகத்தை எடுத்து வந்து காட்டினாள். சூரியன் மறைந்ததும் அந்த மின்னேறிய அடுக்கு இங்கே சட்டென்று மேலே எழும்புகிறது. அடியில் கனம் குறைந்த பகுதிகள் சோற்றுப் பானையில் கொதி வரும்போது குமிழி ஏறுவதுபோல அதைக் கிழித்துக்கொண்டு ஏறுகின்றன. அந்தக் குமிழிகளின் ஊடாக வரும் எந்த அலையும் நட்சத்திரம் மினுங்குவதுபோல மினுங்கும். பாலத்துக்கு மேல் ஒரு குமிழி, குளத்துக்கு மேல் வேறொரு குமிழி. அறுந்துபோன சிக்னலில் கழிப்பதற்கு என்ன இருக்கிறது. உலகத்தில் இவ்வளவு இடம் இருக்க, வானம் சாயங்காலம் கொதிக்கிற கோட்டுக்கு அடியில் உட்கார்ந்துகொண்டு, சாயங்காலமாகப் பார்த்து மிஷினைத் தூக்கியிருக்கிறோம். எனக்குச் சிரிப்பு வந்தது. இத்தனை நாளாக நெஞ்சில் கிடந்த கல் இறங்கியது.

விடியற்காலையில் அந்த அடுக்கு மெலிந்து அமைதியாக இருக்கும். அப்போது அளப்பது என்று முடிவு செய்தேன். அண்ணாச்சி சம்மதித்தார், திங்கள்கிழமை காலை மட்டும் ஆகாது, ராகு காலம் என்றார். செவ்வாய்க்கிழமை கொடை. புதன்கிழமை என்று ஆயிற்று.

தலைவியிடம் உண்மையைச் சொல்லாமல் மறுபடி அந்த ஊருக்குள் நுழைய முடியாது. கொடைக்கு முந்தின நாள் போய்ச் சொன்னேன். மைக் செட்டில் தப்பில்லை, வானத்தில்தான் என்று நான் சொல்லி முடிக்கும்வரை கேட்டுக்கொண்டிருந்தார்.

"அப்ப எங்க அம்மனை ரெண்டு நாளு ஊமையா உக்கார வச்சது?"

அது என் தப்பு என்றேன்.

"இப்ப வானத்தைச் சொல்லுதிய. நாளைக்கு எதைச் சொல்லுவிய?"

"விடியக்காலம் ஒரு தடவை அளந்து பாக்கேன். அதுலயும் வரலைன்னா நானே ஆபீஸ்ல போயி, மிஷின் சரியில்ல, ஆளைப் போட்டு நடந்து அளங்கன்னு எழுதிக் குடுத்துருதேன்."

"அதுக்குள்ள சித்திரை முடிஞ்சிரும் சார்" என்றார். குரலில் கோபம் இல்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

புதன்கிழமை விடிவதற்கு முன்னால் அண்ணாச்சியைப் பாலத்தில் ஒரு பிளாஸ்க் காபியோடு இறக்கிவிட்டுக் குளத்துக்குப் போனேன். கொடை முடிந்து ஊரே அசந்து தூங்கிக்கொண்டிருந்தது. தலைவி மட்டும் கரையில் உட்கார்ந்திருந்தார். கண்ணெல்லாம் சிவந்திருந்தது, முந்தின இரவு முழுக்கத் தூங்கியிருக்க மாட்டார். மிஷினை முக்காலியில் நிறுத்தினேன். ஒவ்வொரு சாட்டிலைட்டாக வந்து நின்றது. நின்றது நின்றபடியே இருந்தது. கிழக்கே வெளுத்தது, பனங்காட்டுக்கு மேல் சூரியன் வந்தது, திரையில் எதுவும் அசையவில்லை. நான் மூச்சு விடக்கூடப் பயந்தேன். ஆடுகள் மிஷினை முட்ட வந்தபோது அவர்தான் எழுந்துபோய்ச் சத்தம் போடாமல் திருப்பிவிட்டார்.

அன்றே டவுணுக்கு ஓடினோம். கம்ப்யூட்டர் ஒரே விடையைச் சொன்னது. குளத்து வாய் கால்வாய்த் தரையைவிட இடுப்பளவு தாழ்வு. சாட்டிலைட் சொல்லும் உயரமும், பூமியின் இழுப்புப்படி தண்ணீர் அறிந்த உயரமும் அப்படியே ஒன்றல்ல. அதற்காக, உயரம் தெரிந்த வேறு சில கற்களிலும் மிஷினை வைத்து அந்த வித்தியாசத்தைக் கழித்தோம். கீழ்க்காற்றின் ஈரம் மாறுமே என்று இன்னும் இரண்டு விடியற்காலைகளில் அளந்தோம். வழியில் இருந்த செம்மண் மேட்டைச் சுற்றிக்கொண்டு போகும் பாதை முழுவதையும் அளந்தோம். எல்லாம் ஒரு சாணுக்குள் ஒத்துப்போயிற்று. பழைய அளவு எங்கேயோ தடம் மாறியிருக்கிறது.

கடைசி நாள் தலைவி கேட்டார். "சார், ஒரே சொல்லு. தண்ணி வருமா, வராதா?"

எங்கள் தொழிலில் யாரும் அப்படிப் பதில் சொல்வதில்லை. இவ்வளவு, கூடக் குறைய இவ்வளவு என்றுதான் சொல்வோம். முதல் தடவை அவரிடம் 'வந்துரும்' என்று சொன்னபோது எனக்கு ஒன்றுமே தெரியாது, வாய் கூசவில்லை. இப்போது மூன்று காலை அளவு கையில் இருக்கிறது, நாக்கு எழவில்லை. இடுப்பளவையும் ஒரு சாணையும் மனசுக்குள் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திப் பார்த்தேன்.

"வரும்" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை, கும்பிடவில்லை. "எந்த வழியா?" என்று கேட்டார். நான் கை காட்டிய திசையில் அப்போதே நடக்கத் தொடங்கிவிட்டார்.

அதிகாரிகள் எங்கள் அளவை அப்படியே நம்பவில்லை, நம்ப வேண்டியதும் இல்லை. ஆட்களைப் போட்டு அந்தப் பாதையில் மட்டும் லெவல் எடுத்துப் பார்த்தார்கள். ஒத்துப்போனது. சித்திரை முடிவில் அந்த ஊரைச் சேர்த்துப் பாதை இறுதியாயிற்று. அடுத்த வருஷம் வெட்டி முடித்தார்கள்.

கார்த்திகையில் சோதனைத் தண்ணீர் விட்டார்கள். அண்ணாச்சியும் நானும் போயிருந்தோம். கரை நெடுக ஜனம். தண்ணீர் சருகையும் நுரையையும் தள்ளிக்கொண்டு பைய வந்தது. செம்மண் மேட்டைச் சுற்றி வளைகிற இடத்தில் நின்றுவிட்டது. சும்மா நின்றது. ஓரத்தில் கொஞ்சம் கொஞ்சமாகப் பரவியதே தவிர முன்னால் அசையவில்லை.  அந்த இடத்து அளவு தப்போ, ஈரத்தைச் சரியாகப் பார்க்கவில்லையோ, அந்த ஒரு சாண் இங்கேதான் இருக்கிறதோ. ஜனத்தில் சிலர் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். அண்ணாச்சி வேறு பக்கம் பார்த்தார்.

தலைவி கால்வாய்க்குள்ளேயே நின்றிருந்தார். "பள்ளம் சார். அதை நெரப்பிட்டுதான வரும்" என்றார். அந்த வழியில் அவர் ஒன்றரை வருஷமாக நடந்துகொண்டிருந்தவர்.

தண்ணீர் நிறைந்தது. விளிம்பில் ஒரு விரல் கனத்துக்கு வழிந்தது. பிறகு நகர்ந்தது. அவர் அதற்கு முன்னால் நடந்தார், கிடந்த முள்ளையும் குச்சியையும் காலால் ஒதுக்கிக்கொண்டே. குளத்து வாய்க்கு வந்ததும் கரையோரமாக ஒதுங்கி நின்று, வீட்டுக்கு வந்தவர்களுக்கு வழி விடுவதுபோலக் கையைக் காட்டினார்.

"வா தாயி. இத்தனை நாளா உனக்கு இங்க வர வழியில்லைன்னு சொல்லிட்டாவ" என்றார்.

தண்ணீர் உள்ளே போயிற்று.